தலைகீழாக நட்ட நொச்சி

வேலிக்கு நட்ட நொச்சிக் குச்சிகளுக்குக் காலையில் தண்ணீர் ஊற்றுவது அருள்செல்வியின் வேலை. குடத்தை இடுப்பில் சாய்த்து, குச்சிக்குக் குச்சி கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே போவாள். நட்டு ஒரு மாதம் தாண்டிவிட்டது. நொச்சி இவ்வளவு நாள் சும்மா நிற்கிற செடியில்லை. வெட்டிப் போட்ட இடத்தில்கூடத் துளிர்க்கும். இங்கே ஒன்றிலும் பச்சை இல்லை.

பெருந்துறைக்குப் பக்கத்தில், சென்னியப்பன் தோட்டத்தை ஒட்டிச் சும்மா கிடந்த அவருடைய துண்டு நிலம் அது. அருள்செல்வியின் அம்மா அந்தத் தோட்டத்தில் களை வெட்டியவள். மகள் பன்னிரண்டாவது முடித்துப் பனியன் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். கழுத்து வலி தாங்காமல் வேலையை விட்டுவிட்டு, செம்பருத்தி, கறிவேப்பிலை என்று நாற்றுப்பண்ணை வைக்க நிலம் கேட்டாள். சென்னியப்பன் உடனே மறுக்கவில்லை.

"மொதல்ல வேலி வரட்டும் அம்மணி. நொச்சி வெய்யி, ஆடு வாய் வெக்காது. ஐப்பசிக்குள்ள துளுத்துதுன்னா நெலத்த நீ வெச்சுக்க. இல்லீன்னா லாரி நிறுத்தக் கேக்கறாங்க, உட்டுருவேன்."

ஐப்பசி முடியப் போகிறது. இன்றைக்கு வருவதாகப் போன் செய்திருந்தார்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு குச்சியைப் பிடுங்கினாள். வேர் இல்லை. இலையை உருவிய தழும்புக்கு மேலே இருக்க வேண்டிய மொட்டு, தழும்புக்குக் கீழே இருந்தது. குச்சி தலைகீழாக நின்றிருக்கிறது. அடுத்ததைப் பிடுங்கினாள். அதுவும் அப்படித்தான்.

ஓடைக்கரையில் ஊதாப்பூவோடு நின்ற புதர்களில் குச்சி வெட்டியது அவள் கணவன் ரூபன். நட்டது இவள். இவள் கம்பெனி வேலையை விட்டதற்காக இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த வாரம் அது. அவன் வெட்டி, இலையை உருவி, கட்டுக் கட்டி வாசலில் போடுவான். இவள் எடுத்துப்போய் நடுவாள். எந்தப் பக்கம் மேலே என்று அவனும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓடினாள். ரூபன் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, குச்சிய எப்பிடி வெட்டுனீங்க?"

"மேல சாய்வா, அடியில நேரா. மேல நேரா வெட்டுனா மழத்தண்ணி நின்னு அழுகிப் போவுமல்ல?"

"சாய்வாச் சீவுன பக்கத்தத்தான மண்ணுல குத்துவாங்க? எங்கம்மா அப்பிடித்தான் நடும்."

அவன் சாப்பாட்டு டப்பாவை மூடாமல் நின்றான். "அத்தனையுமா?"

"அத்தனையுந்தான்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"யாருகிட்ட, செவுத்துகிட்டயா? நீங்கதான் வாயில பூட்டுப் போட்டுட்டுத் திரிஞ்சீங்களே."

"நீ மட்டும் பாட்டுப் பாடிட்டா இருந்த?"

வாசலில் மொபெட் வந்து நின்றது. சென்னியப்பனின் அப்பா இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. இவர் வருவார், உட்காருவார். இன்றும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வேலியப் பாத்துட்டுத்தான் வாரேன். வெறகு நட்டு வெச்சாப்பல இருக்குது. என்ன அம்மணி ஆச்சு?"

அருள்செல்விக்கு வாய் வரை வந்தது, வெட்டினவரைக் கேளுங்க என்று. ரூபன் முந்திக்கொண்டான்.

"தலகீழா நட்டுப்போட்டமுங்க."

நட்டுப்போட்டாள் என்று அவன் சொல்லவில்லை. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

சென்னியப்பன் சிரித்துவிட்டார். "ரெண்டு பேருக்குமா மேல கீழ தெரியல?"

"தெரியுமுங்கய்யா. ஆளுக்கு ஒரு மாதிரி தெரியும்" என்றாள் அருள்செல்வி. "இன்னிக்கே புதுக் குச்சி வெட்டி, ரெண்டு பேருஞ் சேந்து நட்டர்றமுங்க. இவரு லீவு போட்டுருவாரு. ஈரம் இருக்குது, கார்த்திகையில துளுத்துருமுங்க."

ரூபன் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

சென்னியப்பனின் சிரிப்பு நின்றிருந்தது. சட்டைப் பையில் அதிர்ந்த போனை எடுத்து யாரென்று பார்த்தார். லாரிக்காரர். எடுக்காமல் மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

"அதுவரைக்கும் நெலத்த யாருக்கும் குடுத்துர மாட்டீங்களே?" என்றாள் அவள்.

"மொதல்ல நடுங்க, பாக்கலாம்" என்று அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிலைவாசலில் தலையைக் குனிந்து வெளியே போனார்.