அடுப்படியில் கேட்ட பாடம்

எங்கள் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு மலரைப் படிக்கும் உற்றார் அனைவருக்கும் வணக்கம்.

அம்மா ஆலங்காயத்தில் பிறந்தார். தினமும் பேருந்தில் போய்வந்து படித்து, வாணியம்பாடியில் ஒரு மகளிர் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை ஆனார். தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு ஷிப்ட் மாறிமாறி வரும். அம்மாவுக்கு எல்லா ஷிப்டும் ஒன்றாகவே வரும். இதை அவர் குறையாகச் சொன்னதே இல்லை. எனக்குத்தான் கோபம் வரும்.

வகுப்பில் முடியாத பாடங்களைச் சமைத்துக்கொண்டே கைபேசியில் பேசிப் பதிவுசெய்து மாணவிகளுக்கு அனுப்புவார். வேறு நேரம் அவருக்கு வாய்க்கவில்லை.

அம்மா மாரடைப்பில் மறைந்தபோது நான் பிரசவமாகி ஆம்பூரில் தாய்வீட்டில் இருந்தேன். தகனம் முடிந்த மறுநாள் காலை, ஆண்கள் பால் தெளிக்கப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் வழக்கமில்லை. வெந்நீர்கூடப் பக்கத்து பாய் வீட்டிலிருந்துதான் வந்தது. அப்போது சமையலறைப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

"கண்ணு, அடுப்ப கொஞ்சம் கம்மி பண்ணு."

எழுந்து போய் அடுப்பின் குமிழைத் தொட்டேன். அடுப்பு சில்லென்றிருந்தது. கையை எடுக்கத் தோன்றாமல் நின்றேன். அமிலத்தையும் காரத்தையும் பற்றி அம்மா பேசிக்கொண்டே போனார். அந்தக் குரல் நின்றுவிடக் கூடாதே என்றிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே இரண்டு மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவர்களுக்கு வேதியியல் தேர்வு. போகிற வழியில் அம்மா படத்துக்கு மாலை வைக்க வந்தவர்கள், அவருடைய பாடத்தைக் கைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி பதறி எழுந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. மேடம் மூச்சு வாங்குறது இதுல நல்லாவே கேக்கும். ஆஸ்பத்திரிக்குப் போங்க மேடம்னு எத்தினியோ வாட்டி சொன்னோம். பேத்திக்குத் தலை நிக்கட்டும்னுட்டாங்க."

எங்களிடம் அவர் சொன்னது வேறு. "பசங்களுக்குப் பரீட்சை முடியட்டும்." இரண்டு பக்கத்தாரும் நம்பிவிட்டோம்.

அம்மாவைத் தோளில் சுமந்த உறவினர்களுக்கும், எங்களைப் பட்டினி போடாத பாய் வீட்டாருக்கும், அவருடைய வகுப்புகளை ஏற்று நடத்திய பேராசிரியைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

நானும் கல்லூரியில்தான் கற்பிக்கிறேன். கொஞ்ச நாளாகப் படியேறினால் நெஞ்சை இறுக்குகிறது. இதை எழுதிக்கொண்டிருக்கையில் என் கணவர் வந்து, "இன்னிக்காவது டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம், எழுந்திரு" என்றார்.

"மலர் வேலை முடியட்டும்" என்றேன்.

அது என் குரல் இல்லை. தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்த என் மகள் சட்டென்று நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

அம்மாவைப் பற்றி இன்னும் எழுத வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. எழுதாமல் மருத்துவமனைக்குக் கிளம்புகிறேன். உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.