இடக்காலுக்கு வேலையில்லாத ஊர்

மஸ்கட்டில் என் இடக்காலுக்கு வேலை கிடையாது. நான் அங்கே ஓட்டியது எல்லாமே ஆட்டோமேட்டிக் வண்டி. கிளட்ச் என்று ஒன்று அதில் இல்லை. வந்த புதிதில் அந்தக் கால் சும்மா இருக்காது. இல்லாத கிளட்சைத் தேடிப் போய்ப் பிரேக்கை மிதிக்கும். பக்கத்தில் இருப்பவர் கண்ணாடியில் முட்டிக்கொள்வார். பதினோரு வருஷத்தில் கால் பழகிவிட்டது. கைதான் பழகவில்லை. என் குடும்பத்தை ஊருக்கு அனுப்பியது அந்தக் கைதான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எனக்கென்று ஒரு வண்டியைக் கொடுத்தவர் மஸ்கட்டின் ரூவியில் துணிக்கடை வைத்திருந்த கீழக்கரை சாகுல் காக்கா. எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பியவர், சாவியைக் கையில் வைத்து, "தம்பி, இது வயசாளி. கூப்பிட்ட ஒடனே எந்திரிக்காது. அதட்டாம ஓட்டுங்க" என்றார். நாலு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் காலையில் கியரை டி-க்கு, அதாவது டிரைவுக்கு, போட்டால் இரண்டு நொடி யோசிக்கும். யோசித்துவிட்டு முதுகில் உதைத்த மாதிரிக் கிளம்பும். வெயில் ஏறினால் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறவே மாறாது. எஞ்சின் கத்தும், வண்டி நகராது.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் கம்பெனி பர்காவுக்கு மாறியது. நாங்கள் குடியிருந்த ரூவியிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். வண்டி இருப்பவர்கள் வந்து போகலாம். இல்லாதவர்கள் அங்கேயே கம்பெனி ரூமில் தங்க வேண்டும். ரூமுக்குப் போனால் வீட்டு அலவன்ஸ் நின்றுவிடும். வீடு இல்லையென்றால் மனைவி மாலதியும், பத்தாவது படிக்கும் மகள் நிலாவும் திண்டுக்கல்லுக்குத்தான் போக வேண்டும். வேறு வண்டி வாங்க வழியில்லை. ஒரு கியர்பாக்ஸை நம்பி மூன்று பேர் இருந்தோம்.

ஒருநாள் மத்தியானம் வாதி கபீர் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பிக்கப்பில் வந்த ஒரு ஓமானிப் பெரியவர் இறங்கி வந்தார். "கியர் மாஃபி", கியர் இல்லை என்றேன். உள்ளே எட்டிப் பார்த்துக் கியர் கம்பியைத் தட்டி, "மௌஜூத்!" என்று சிரித்தார். கியர்தான் இருக்கிறதே என்கிறார். "பெட்ரோல்?" என்று கேட்டார். பிரச்சினை அது இல்லை என்று தலையை ஆட்டினேன். பெட்ரோல் இல்லை என்று எடுத்துக்கொண்டார். வேகாத வெயிலில் போய், அரை மணியில் கேன் நிறையப் பெட்ரோலோடு வந்து, தன் கையாலேயே ஊற்றினார். அதற்குள் சூடு ஆறியதால் வண்டி மெல்ல நகர்ந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி கையசைத்தவரைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

நேராக சிவாவிடம் போனேன். வாதி கபீர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர். எஞ்சினை ஓடவிட்டபடியே கியர்பாக்ஸ் ஆயில் அளவுக் கம்பியை உருவி வெள்ளை டிஷ்யூவில் துடைத்தார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கடுங்காப்பி நிறத்தில், கருகிய வாடையோடு வந்தது.

"அளவு சரி அண்ணை. ஒயில் எரிஞ்சு போட்டுது. வாங்கோ, ஒரு சுத்துப் போவம். நீங்களே ஓட்டுங்கோ."

திரும்பி வந்ததும் கேட்டார்: "கோவிக்காதேங்கோ. நான் வண்டியைப் பாக்கேல்லை, உங்கட கையைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான். இறக்கத்திலை ஏன் நியூட்ரலுக்குப் போறியள்?"

எனக்கே தெரியாது, என் கை அப்படிச் செய்கிறதென்று. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு பேக்கரி வேன் ஓட்டியவன் நான். "ஏறும்போதுதான்டா அது குடிக்கணும், எறங்கும்போது பட்டினி போடு" என்பார் முதலாளி. மலை முழுவதும் நியூட்ரலிலேயே உருண்டு வருவேன். சிக்னல் விழுந்தாலும் நியூட்ரல்தான். அதை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறேன்.

"பெட்ரோல் மிச்சமாகும்ல சிவா?"

"ஊர் வண்டிக்கு என்னவோ செய்யுங்கோ. இது ஆட்டோமேட்டிக் எல்லோ? உருளேக்கை திரும்ப டி-க்குப் போட்டா உள்ளுக்கு இருக்கிற தட்டுகளுக்குத்தான் அடி. எத்தினை வருசமா அடிச்சனியள்?"

"நாலு."

"புது ஒயில் மாத்தலாம்தான். ஆனா தேஞ்ச தட்டு இந்தப் பழசைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்குது. மாத்தினா அதோட முடிஞ்சாலும் முடியும். நீங்கதான் சொல்லோணும்."

மாற்ற வேண்டாம் என்றேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து நிலா முன்சீட்டில் காவலுக்கு உட்கார்ந்தாள். சிக்னலில் என் கை லேசாக அசைந்தாலே பட்டென்று ஓர் அடி. "அப்பா, ஹேண்ட்! டோன்ட் டச்!" பின்சீட்டில் மாலதி, "கல்யாணமாகி இத்தன வருஷத்துல நான் சொல்லி ஒண்ணாவது கேட்டிருக்காரா? நல்லாப் போடுடி" என்பாள். அந்த மூன்று வாரம் வண்டிக்குள் நாங்கள் சிரித்த சிரிப்பு, அதற்கு முன் சிரித்ததில்லை. தனியாக பர்கா போகும்போதும் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன். ஒருமுறைகூடத் தப்புப் பண்ணவில்லை.

நாலாவது வாரம் பர்கா ரோட்டில் டி-க்கும் அசையவில்லை; ரிவர்ஸுக்கும் அசையவில்லை. இழுத்து வந்து சிவாவிடம் விட்டேன். அடியில் குனிந்து பார்த்து எழுந்தவர், கையைத் துடைத்தபடி, "கலாஸ் அண்ணை" என்றார். கலாஸ் என்றால் முடிந்தது. நிலாவின் பரீட்சை முடிந்ததும் இருவரையும் விமானம் ஏற்றினேன். "பழைய வண்டிதானப்பா" என்றாள் நிலா. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

இப்போது பர்காவில் ஆறு பேர் ரூமில் இருக்கிறேன். வண்டி ஓட்டுவதில்லை. போன மாதம் லீவில் திண்டுக்கல் போனபோது மச்சானின் காரை எடுத்து, பின்னால் மாலதியையும் நிலாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பேருந்து நிலையம் பக்கம் சிக்னல் விழுந்தது. நியூட்ரலுக்குப் போக வலது கை தானாகக் கீழே இறங்கிக் கதவில் இடித்தது. இங்கே கியர் இடது கைப் பக்கம். இடக்காலோ கிளட்சுக்கு மேல் சும்மாவே கிடந்தது. வண்டி ஓர் உதறு உதறி அணைந்தது. பின்னால் அத்தனை ஹாரன். நிலா எட்டி என் கையில் அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.