மூன்று மூலைக்கும் கொடுத்த வாக்கு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் குளிர்காலப் பனிக்குள் முதலில் முளைப்பவை பலகைகள். கட்சியின் அதிபர் வேட்பாளராக யார் வர வேண்டுமென்று வீட்டுக்காரர் நினைக்கிறாரோ, அவர் பெயரை எழுதி வாசலில் நட்டுவிடுகிறார்கள். வந்து ஒன்பது வருடமாகியும் அவற்றைக் கடக்கும்போது, பிறர் கடிதத்தைப் படித்துவிட்டதுபோல எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

எங்கள் ஊர், திருமயம் பக்கத்தில் ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், "ஒங்களுக்கு இல்லாமயா? இதெல்லாம் கேக்கணுமாங்க?" என்போம். காலையில் வந்தவருக்கும் அதே பதில், மாலையில் வரும் எதிராளிக்கும் அதே. வந்தவர் அதை நம்புவதில்லை. ஆனாலும் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் திருப்தியாகப் போவார். வாசலுக்கு வந்தவரிடம் இல்லை என்பதுதான் எங்களுக்குத் தப்பு. இந்த நாட்டுக் குடிமகனான முதல் குளிர்காலத்தில், வெவ்வேறு வேட்பாளருக்காக ஓட்டுக் கேட்ட பக்கத்து வீட்டு மார்த்தாவிடமும், அலுவலகத்து டேவிடமும், பள்ளிப் பேருந்து ஓட்டுநரிடமும் இதையே ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன்.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்காரர்கள் கூடும் காக்கஸ் என்பது எப்படி நடக்குமென்று அப்போது எனக்குத் தெரியாது. பள்ளி விளையாட்டுக் கூடத்தில் வேட்பாளருக்கு ஒரு மூலை. ரகசியச் சீட்டு கிடையாது. ஆதரிப்பவரின் மூலையில் எல்லோரும் பார்க்கப் போய் நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைந்துவிடும். சேர்ந்த மூலைக்கு, நம் மாவட்டம் போன்ற கவுண்டியின் மாநாட்டில் பிரதிநிதி உண்டு. அங்கிருந்து மாநில மாநாடு, அப்புறம் தேசிய மாநாடு. அங்கே பிரதிநிதிகளின் தலையை எண்ணி வேட்பாளரை முடிவு செய்கிறார்கள். புதுக்கோட்டையில் நிருபராக இருந்தபோது நான் பார்த்த கட்சித் தேர்தல்களில் பட்டியல் மேலேயிருந்து கீழே வரும். "ஏகமனதாக" என்ற சொல்லைக் கூட்டம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுவேன்.

காக்கஸ் அன்று மூன்று மூலையிலிருந்தும் அந்த மூன்று பேரும் கையசைத்தார்கள். நான் நடுவில் நின்றேன். மார்த்தாவின் மூலைக்கு இருபத்தொரு பேர் வேண்டும். இருபது பேர்தான் இருந்தார்கள். முழங்கால் வலியோடு இரண்டு மாதம் பனியில் கதவு கதவாகத் தட்டியவர் அவர்.

"எங்களுக்குத்தான் என்றாயே," என்றார்.

"என்னிடமும் சொன்னான்," என்றார் டேவ். ஓட்டுநரும் கையை உயர்த்தினார்.

"எங்கள் ஊரில் அது ஒரு மரியாதை," என்றேன்.

"அந்த மரியாதை எந்த மூலையில் நிற்கும்?" என்று கேட்டார் மார்த்தா.

போய் நின்றேன். மூலை பிழைத்தது, ஒரு பிரதிநிதி கிடைத்தது. மாநாடு ஒரு சனிக்கிழமை நாள் முழுக்க நடக்கும் என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மார்த்தாவுக்கு அந்த வாரம் அறுவை சிகிச்சை. என்னைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏகமனதாக.

"அங்கே போய் மாறிவிட மாட்டாயே?" என்றார் மார்த்தா. மாறலாம், விதி தடுக்காது. மாட்டேன் என்றேன்.

மறுநாள் அண்ணன் ஊரிலிருந்து பேசினார். விவரம் சொன்னேன்.

"போனா என்னடா குடுப்பாங்க?"

"ஒண்ணும் இல்லண்ணே. மத்தியானச் சோறும் நாமதான் கொண்டு போகணும்."

"நல்ல கட்சிடா," என்றவர், "வாக்காளர் பட்டியல் சரிபாக்க டீச்சரம்மா வந்தாங்க. ஒன் பேரு இன்னும் இருக்கு. ஆளு இருக்காரா, போயிட்டாரான்னு கேட்டாங்க," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"வாரேன்னுட்டுத்தான போன? அதத்தான் சொன்னேன்."

இன்னொரு நாட்டுக் குடிமகனான என் பெயர் அதில் இருக்கக் கூடாது. எடுத்துவிடச் சொல்லியிருக்க வேண்டும். "சரிண்ணே," என்றேன்.

மாநாட்டில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். இருக்கிறேன் என்று சொல்லி, மார்த்தாவின் வேட்பாளர் பக்கமே போய் நின்றேன். அந்த நேரத்தில் திருமயத்துப் பட்டியலிலும் இருந்தேன்.