மெதுவான கம்ப்யூட்டர்களும் என் தலைகுனிவுகளும்

வீட்டுக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவளுக்கு ஸ்க்ரூடிரைவர் இல்லாவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம். வெட்கம் இருந்தால்தான் கஷ்டம். எனக்கு அது நிறையவே இருக்கிறது.

அப்பாவுக்கு மத்திய அரசு வேலையில் கல்கத்தாவுக்கு மாற்றலானபோது வந்த குடும்பம் நாங்கள். அப்படியே தங்கிவிட்டோம். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மெட்ரோவிலும் பஸ்ஸிலும் வீடு வீடாகப் போகிறேன். தமிழ், வங்காளம், இந்தி எதில் பேசினாலும் புகார் ஒன்றேதான்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தது, திடீர்னு ஸ்லோ ஆயிடுச்சு." திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தபடி, ஆறிப்போன டீயோடு நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு போன் போட்டதும் உங்கள் அவஸ்தை பாதி குறைந்துவிடும். என்னுடையது அங்கேதான் ஆரம்பம்.

பூப்போட்ட உறை

பவானிபூரில் ஒரு மாமா. வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கம்ப்யூட்டர் போட்டதும் நன்றாக ஓடும், கொஞ்ச நேரத்தில் நொண்ட ஆரம்பிக்கும். நான் போனபோது மேஜைக்குக் கீழே சிபியு பெட்டி, பூப்போட்ட துணியில் லேஸ் வைத்துத் தைத்த உறைக்குள் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. பட்டனுக்கும் ஒயருக்கும் மட்டும் ஓட்டை. "எவ்வளவு அழகா இருக்கு! நீங்களே தைச்சதா மாமி?" என்று கேட்டேன். மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "வைரஸ்தான் மாமா, சந்தேகமே இல்லை" என்றேன். வைரஸ் எப்படி வரும், எங்கே ஒளியும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பென் டிரைவ் வழியாகவும் வரும் என்றதும் மாமா எழுந்துபோய், கச்சேரிப் பதிவுகளைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த நண்பரைப் போனில் பிடித்துவிட்டார். "உன்னோட சிநேகிதம் போதும்ப்பா, எம்மெஷினையே கொன்னுட்டே" என்று அவர் கத்தியது தெருவரை கேட்டிருக்கும்.

ஸ்கேன் முடிந்தது. வைரஸ் இல்லை. வேண்டாத மென்பொருள்களை எல்லாம் எடுத்தேன். கம்ப்யூட்டர் முன்னைவிட மெதுவானது. பின்பக்க ஒயரைப் பார்க்கலாமென்று பெட்டிமேல் கையை ஊன்றினேன்; தோசைக்கல் மாதிரி சுட்டது. காற்று போகும் துளைகள் எல்லாம் அந்த அழகான உறைக்குள் இருந்தன. உள்ளே வெந்துகொண்டிருந்த பிராசஸர், எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. உறையைக் கழற்றி, விசிறியில் படிந்த தூசியைத் தட்டியதும் பழையபடி ஓடியது. மாமா மறுபடி போனை எடுத்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார். மாமி உறையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அழகா இருக்குன்னு சொன்னப்பவே கழட்டச் சொல்லியிருக்கப்படாதோடீம்மா?"

தமிழ் தெரியாத வீடு

ஒரு வங்காளிப் பெரியவர் வீடு. இங்கே வழக்கப்படி நான் அவரைக் 'காகு' என்று கூப்பிடுவேன். சித்தப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸை யாரோ ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு அந்த மெமரி போதாது. கூடுதலாகப் போடுங்கள் என்று போன தடவையே சொல்லியிருந்தேன். அவர் போடவில்லை.

காகு டீ போட உள்ளே போனார். நான் கடையில் இருக்கும் கவிதாவுக்கு போன் போட்டேன். அவள் என் கூட்டாளி. "இந்த மனுஷன் இன்னும் மெமரி வாங்கலடி. சரியான கஞ்சம். பார்த்தா பெரிய மனுஷனாட்டம்தான் இருக்கார், பையில கை மட்டும் போக மாட்டேங்குது" என்று நிதானமாக, குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னேன். வங்காளி வீடுதானே!

டீக்கோப்பை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கூடவே இரண்டு பிஸ்கட். "சர்க்கரை போதுமா?" என்று தமிழில் கேட்டார் காகு. ஆவடியில் பல வருஷம் வேலை பார்த்தாராம். எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே புகுந்து மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் எந்த மொழியில் கேட்பது என்று தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. சொற்கள் வங்காள உச்சரிப்பில் உருண்டு வந்தன:

"கஞ்சோம் இல்லம்மா. பென்ஷோன்."

மூடாத டேப்கள்

சால்ட் லேக்கில் ஒரு அடுக்குமாடி. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் பெண். கணவர் செக்டர் ஃபைவில் ஐடி வேலை. காலையில் கழுத்தில் அடையாள அட்டையோடு கிளம்பிப்போவதை லிஃப்டில் நானே பார்த்தேன். பெண்ணின் ஆன்லைன் டியூஷனுக்குக் கம்ப்யூட்டர் இழுக்கிறது என்று மனைவிதான் கூப்பிட்டிருந்தாள்.

பிரவுசரைத் திறந்தேன். கடைசியாக விட்ட இடத்திலிருந்து எல்லாப் பக்கங்களும் தானாகத் திறக்கும்படி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக வந்து நின்றன. டேப்கள் எறும்பு வரிசை மாதிரி மெலிந்துபோகிற வரை வந்தன. நானோ காரணத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்தேன். "இதான் விஷயம்! பாருங்க, வேலை தேடுற சைட், இதுவும் வேலை தேடுற சைட், இது இன்டர்வியூவுக்குத் தயார் பண்றது. இன்டர்வியூ எடுக்கிற வீடியோ ஆப் மட்டும் நாலஞ்சு போட்டு வெச்சிருக்காங்க, எல்லாம் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கு. வீட்டுல யாருக்கு வேலை தேடுறீங்க?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

அவள் சிரிக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் லிஃப்டில் பார்த்த அடையாள அட்டை அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை போன பிறகும் அந்த அட்டையைப் போட்டுக்கொண்டு அவர் எங்கே போகிறாரோ, சாயங்காலம் வரை எந்தப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறாரோ! நான் சத்தம் போட்டுப் படித்த ஒவ்வொரு வார்த்தையையும் திரும்ப விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பேன். "ஸாரிம்மா, எல்லாத்தையும் மூடிடவா?" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. அவள் அவசரமாகத் தலையை ஆட்டினாள்.

"வேண்டாங்க்கா, எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எனக்குத் தெரியும்கிறது அவருக்குத் தெரிய வேண்டாம்."

வீட்டில் இல்லாத பெண்

கிடர்பூரில் துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஒருவர், தூத்துக்குடிப் பக்கம். வீட்டில் அவரும் மனைவியும்தான். கம்ப்யூட்டரில் அவர் பெயரில் ஒரு கணக்கு, மகள் பெயரில் ஒரு கணக்கு. அவர் கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கும்போது மகளின் கணக்கும் பின்னால் திறந்தே கிடந்தது. அதிலுள்ளவை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு பேர் சுமையை ஒரு மெஷின் இழுத்தால் மெதுவாகத்தானே ஓடும்?

சால்ட் லேக்கில் பட்ட பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "உங்க பொண்ணு வேலை முடிஞ்சதும் வெளியே வராம அப்படியே விட்டுட்டுப் போயிடறாங்க. இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான். கூப்பிடுங்க, எப்படின்னு சொல்லித் தரேன்" என்றேன்.  அந்த அம்மாதான் மெல்லச் சொன்னார்: "அவ இங்க இல்லம்மா. பெங்காலிப் பையனைக் கட்டிக்கிட்டா. டிராம் டிப்போ பக்கத்துலதான் வீடு. இவுக பேசக் கூடாதுன்னுட்டாக."

அப்படியானால் மகள் கணக்கைத் திறப்பது யார்? கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். அந்த அம்மாவுக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே தெரியாதாம். வீட்டுக்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.  "காலைல நான்தான் தொறப்பேன்" என்றார் தாளுக்குப் பின்னாலிருந்து. "முகப்புல அவ போட்டோ இருக்கும். பாத்துட்டு என்னோடதுக்கு மாறிக்கிடுவேன்." அடுத்தவர் வீட்டுப் பூஜை அறைக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவள் மாதிரி நான் கையைக் காலை அசைக்காமல் இருந்தேன். அந்த அம்மா எழுந்து அவர் பக்கம் போனார். பிறகு மேஜைமேல் கிடந்த அவருடைய செல்போனை எடுத்து அவர் மடியில் போட்டார்.

"அதைத் தொறக்கத் தெரிஞ்சவுகளுக்கு இதைத் தொறக்கத் தெரியலையாக்கும்!"

எங்கள் வீட்டுக்கு வந்தவர்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும், அதனால் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் மெதுவாகிக் கிடந்தது. ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வேறு. அது கெட்ட சகுனம், சீக்கிரம் மாற்ற வேண்டும். வெளியில் யாருக்காவது அந்தச் சத்தம் கேட்டால் பதறியடித்துக்கொண்டு ஓடுகிற நான், மகள் கேட்கும்போதெல்லாம் "நாளைக்குப் பார்க்கிறேன்டி" என்று சொல்லிவந்தேன். அதில்தான் அவளுடைய கல்லூரி ப்ராஜெக்ட் முழுக்க இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறேன், என் மேஜையில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து எங்கள் கம்ப்யூட்டரைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். இணையத்தில் பார்த்து மகள்தான் வரவழைத்திருக்கிறாள். அவள் என்னைப் பார்த்துவிட்டுச் சமையலறைப் பக்கம் நழுவினாள். என் கணவர் அந்த நேரம் பார்த்து பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். நான் ரிப்பேர்ப் பையை மெதுவாகக் கதவுக்குப் பின்னால் தள்ளினேன். அந்த மனிதர் நல்லவர். ப்ராஜெக்டை முழுசாகக் காப்பாற்றிவிட்டார். போகும்போது என்னை வங்காளத்தில் 'திதி', அதாவது அக்கா, என்று அழைத்துப் பொறுப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்:

"இதை முன்னாடியே ஒருத்தர் பார்த்துட்டு நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தாங்களாம், உங்க பொண்ணு சொன்னா. அந்த மாதிரி ஆளுங்களை வீட்டுக்குள்ளேயே விடாதீங்க திதி."

கல்கத்தாவில் மெதுவாகிப்போன எத்தனையோ கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அங்கெல்லாம் ஒரு தடவைகூட மெதுவாகாமல் ஓடியது என் வாய் ஒன்றுதான்.