வெயில் வாரத்தில் ஒரு பாம்பு

ஃப்ரீமான்ட்டில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு ஏசி கிடையாது. வெயில் கொளுத்திய ஒரு வாரம், என் அமெரிக்க ரூம்மேட் தான் வளர்த்த பாம்பை என் தலையில் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

பாம்பின் கண்ணாடித் தொட்டியில் சூட்டுக்காக எரியும் விளக்கை அணைத்தேன். ஐஸாக உறைந்த பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். அதோடு விட்டேனா? புற்றுக்குப் பால் ஊற்றிப் பழகிய புத்தி, கிண்ணம் நிறையப் பாலை ஊற்றினேன். அது சீண்டவே இல்லை. வெக்கையில் பால் திரிந்து நாறியதுதான் மிச்சம். கழுவித் தண்ணீர் வைத்ததும் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொண்டது.

"இப்ப பரவால்லயா? இன்னொரு பாட்டில் வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அந்த வாரம் முழுக்க நான் வாய்விட்டுத் தமிழ் பேசியது அதனிடம் மட்டும்தான்.

பாம்புக்குக் காதே கிடையாது என்று ரூம்மேட் திரும்பி வந்து சொன்னான். தெரிந்திருந்தாலும் பேசியிருப்பேன்.