கிள்ளையிலிருந்து தில்லைக்கு: வாய்க்கால் கரையில் ஒன்பது பலகை

வாய்க்கால் கரையில் நடப்பவர்களே, மிதிவண்டி மிதிப்பவர்களே, இந்தக் கோடையில் அப்படி ஒரு பயணம் போக எண்ணியிருப்பவர்களே! உங்கள் பாதையின் நடுவே பாலம் இல்லை. சித்திரை வரை இருந்தது. இப்போது தூண்கள் மட்டும் நிற்கின்றன. என் முறையீடு இதுதான். பாலம் எங்கே போயிற்று என்பது வழியில் தெரியவரும். பயணத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

சித்திரைக் கடைசியில் சிதம்பரத்தில் மூன்று நாள் தமிழ் மாநாடு நடந்தது. முதல் நாள் மாலை நான் பேசினேன். மூன்றாம் நாள் நிறைவுரையும் என்னுடையது. இடைப்பட்ட நாளில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கூட்டம். பேருந்தில் புழுதி குடித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. சிதம்பரத்தில் ஒரு மிதிவண்டியை நாளொன்றுக்கு ஒரு ரூபாய் வாடகைக்கு எடுத்து, தொடர்வண்டியில் ஏற்றிக்கொண்டேன். வண்டிக்குத் தனிச் சீட்டு நாற்பது காசு.

கடலூரில் மாலைக் கூட்டத்துக்கு முன் இரண்டு மணி நேரம் கிடைத்தது. மஞ்சக்குப்பத்திலிருந்து கெடிலப் பாலத்தைக் கடந்து, முதுநகர் போய், உப்பனாற்றின் கரையைப் பிடித்தேன். எல்லாம் சேர்ந்து நான்கு கல் தொலைவு. மைல் என்றாலும் அதுவே. ஐம்பது நிமிடம் ஆயிற்று. கரை அகலமானது. ஆனால் துறைக்கு அருகே பாதையின் மேலேயே வலை காய்கிறது. அங்கே யாரும் மிதிப்பதில்லை, இறங்கி ஓரமாகத் தள்ளுகிறார்கள். நான் இறங்கத் தாமதித்தபோது, கிழிந்த வலையைத் தைத்துப் பொத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, சக்கரம் ஏறினால் நீங்களே உட்கார்ந்து பொத்த வேண்டியிருக்கும் என்றார். இறங்கினேன்.

இரவு முதுநகரில் தங்கி, காலை நாலரை மணி வண்டியைப் பிடித்தேன். ஐந்தே முக்காலுக்குக் கிள்ளை. சிதம்பரம் வரை போகாமல் அங்கேயே இறங்கியதற்குக் காரணம் வாய்க்கால் கரை. கிள்ளையிலிருந்து நகரின் கிழக்கு விளிம்பு வரை ஏழு கல், வழி நெடுகப் பூவரசு நிழல், மாட்டுவண்டி வராது. நடப்பவரும் மிதிவண்டிக்காரரும் மட்டுமே புழங்கும் மண்பாதை. முதல் மூன்று கல்லும் சொன்னபடியே இருந்தன.

கிள்ளையை விட்டதும் காதர் என்னும் மீன் வணிகர் என்னோடு சேர்ந்துகொண்டார். நாற்பது வயதிருக்கும். மிதிவண்டியின் பின்னால் ஈரச் சாக்கு மூடிய பெரிய கூடை. சிதம்பரத்தில் ஒரு மாணவர் விடுதிக்கு நாள்தோறும் மீன் கொடுப்பவர். படகு கரையேறுவது ஐந்தரைக்கு. விடுதிக் கதவடியில் கூடையை இறக்க வேண்டியது ஏழுக்கு. நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரமே அவருடைய பிழைப்பு. முந்தின இரண்டு நாளும் பிந்திவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். பார்க்கத்தானே போகிறீர்கள் என்றார்.

பார்த்தேன். கடல்நீர் ஏறி இறங்கும் ஓர் ஓடை அங்கே பாதையை வெட்டிக்கொண்டு வாய்க்காலில் விழுகிறது. அகலம் பதினெட்டு அடி. பனந்தூண்கள் நின்றன, மேலே ஒன்றுமில்லை. ஓடைக்குள் இடுப்பளவு நீரில், தலையில் மீன்கூடையோடு செல்லம்மாள் என்னும் பெண்மணி போய்க்கொண்டிருந்தார். காதருக்குப் பழக்கமானவர். திரும்பிப் பார்த்து, “என்னா பாய், ஒன் வண்டிக்கு இன்னும் நீச்சல் கத்துக் குடுக்கலியா?” என்றார்.

“நீ மொதல்ல கரையேறுக்கா. அப்புறம் எங்களுக்குச் சொல்லிக் குடு.”

பலகைகள் என்ன ஆயின என்று நான் கேட்டேன். செல்லம்மாள் அக்கரையில் கூடையை இறக்கிவைத்துப் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

“சிதம்பரத்துல மேடை போட எடுத்துக்கினு போய்ட்டாங்க. எவனோ மூணு நாளு பேசறானாம், தமிழு வாழணும்னு. வாழட்டும், வேணாம்னா சொல்றேன்? இந்தப் பக்கம் பலகைய வுட்டுட்டுப் பேசக் கூடாதா?”

 காதரின் கூடையின் மறுபுறத்தைப் பிடித்துக்கொண்டு நீரில் இறங்கினேன். அடியில் சேறு. கூடைக்கு ஒரு நடை, இரண்டு மிதிவண்டிகளுக்கு இரண்டு நடை. முப்பத்தைந்து நிமிடம் போயிற்று. சாலை வழி நான்கு கல் சுற்று. கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான்.

விடுதியை அடைந்தபோது ஏழு மணி நாற்பது. சமையற்கட்டு மேற்பார்வையாளர் வாசலிலேயே நின்றார். உள்ளே லாரியில் வந்த வேறு மீனை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர் கோபப்படவில்லை.

“காதரு, மூணு நாளா எட்டு மணி மீனு. எப்ப ஆயறது, எப்பக் கொழம்பு வைக்கறது? நாளையோட விடுதி மூடறோம், ஆனி ஒண்ணாந் தேதி தொறக்கறோம். மொத வாரம் ஏழு மணிக்கு வந்து நில்லு, ஒனக்கே. இல்லன்னா லாரிக்காரன்தான்.”

காதர் கூடையைத் திருப்பிக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். நான் மாநாட்டுத் திடலுக்குப் போனேன். ஆளில்லாத மேடையில் ஏறிச் சமக்காளத்தின் ஓரத்தைத் தூக்கினேன். ஒவ்வொரு பலகையிலும் சக்கரம் ஓடித் தேய்ந்த பள்ளம். பள்ளத்தில் காய்ந்த மீன்செதில் மின்னியது. ஒன்பதையும் எண்ணினேன். ஒலிபெருக்கி நின்ற இடம் அவற்றின் நடுவே.

மாநாட்டுச் செயலாளரிடம் சொன்னேன். கேட்பாரற்றுக் கிடந்த பலகைதானே என்றார், கூட்டம் முடிந்ததும் போட்டுவிடலாம் என்றார். அன்று மாலை அந்த மேடையில் நின்றே ஐம்பது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

மறுநாள் காலை காதரைக் கடைத்தெருவில் தேடிப் பிடித்து, அந்தப் பேச்சாளன் நான்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதானா அது? பேச்சு பிரமாதமாம். எங்க ஓடை வரைக்கும் கேட்டுச்சு.”

பிறகு தம் மிதிவண்டியைத் திருப்பினார். அதற்குள் மேடையைப் பிரித்துப் பலகைகளைத் தம் கொட்டகையில் அடுக்கியிருந்தார் பந்தல்காரர். அங்கிருந்து எங்களால் கொண்டுபோக முடிந்தது மூன்று பலகை. ஏழடிப் பலகையை மிதிவண்டியில் கட்டினால் மிதிக்க முடியாது, தள்ளத்தான் முடியும். நான்கு கல்லுக்கு இரண்டரை மணி நேரம். தூணுக்குத் தூண் ஒன்றாகப் போட்டோம். செல்லம்மாள் இப்போது நனையாமல் போகிறார். கூடை கட்டிய மிதிவண்டிக்கு அந்த ஒற்றைப் பலகை போதாது. மீதி ஆறும் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் பேசப்பட்டுவிட்டதாகப் பந்தல்காரர் சொல்லிவிட்டார். அந்தக் கூட்டத்திலும் பேசப்போகிறவன் நான்தான்.

இவ்வழி போக விரும்புவோர்க்கு: ஆறு மணிக்குள் கிள்ளையில் புறப்படுங்கள், எட்டுக்குமேல் நிழல் பாதையை விட்டு விலகிவிடும். குடிநீர் கையில் இருக்கட்டும். வாய்க்கால் நீர் உவர்ப்பு. ஓடையில் மிதிவண்டியைத் தோளில் தூக்க வேண்டும், மாற்று உடை தேவை. இந்தக் கடைசி அறிவுரை பொய்யாகிப் போவதையே விரும்புகிறேன்.

பயணத்தில் நான் கண்ட பாதைகளில் இதுவே நல்ல பாதை. இதைப் போட்டது யார் என்று எவருக்கும் தெரியாது. ஆளில்லாத பாதை என்று நாம் நினைத்ததில் நாள்தோறும் ஆள் போய்க்கொண்டிருந்தார்கள், நாம் எழுவதற்கு முன்பே.

கூட்டம் நடத்துவோரே, எனக்கு மேடை வேண்டாம். தரையில் நின்று பேசுகிறேன். பின்வரிசைக்குத் தெரியாவிட்டால் பின்வரிசை முன்னே வரட்டும். சிதம்பரத்தில் கைதட்டியவர்களே, ஆனி பிறக்கப் பதினொரு நாள் இருக்கிறது. கொட்டகையில் ஆறு பலகை கிடக்கிறது. பலகைக்கு ஒருவராக, என்னோடு சேர்த்து ஆறு பேர் போதும். இதழை மடித்து வைத்துவிட்டு, மிதிவண்டியையும் நான்கு முழக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு இன்றே கொட்டகைக்கு வாருங்கள். முதல் பலகையோடு நான் அங்கே நிற்கிறேன்.