ஏலத்துக்கு வந்த மாலை

சுதந்திரம் கிடைத்ததும் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகள் தங்கள் பெரிய அமெரிக்கக் கார்களை ஏலத்தில் தள்ளிவிட்டுக் கப்பலேறினார்கள். எங்கள் ஊரான காஜா பேராங்கில் நானும் மச்சானும் அவற்றை வாங்கி விற்று அலுத்துப்போயிருந்தோம்.

ஒருநாள் மச்சான், காருக்குப் போட மாலையும் சக்கரத்தில் வைக்க எலுமிச்சம்பழமுமாக ஏலத்துக்கே வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் வாங்கவே இல்லையே மச்சான்!"

"அப்புறம் ராகுகாலம் வந்துரும்லா."

போட்டிக்கு நின்ற சீன வியாபாரி மாலையைப் பார்த்தார். நாங்கள் காரை விடமாட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே விலையை ஏற்றி, எங்கள் தலையில் கட்டிவிட்டு விலகிக்கொண்டார்.

வீட்டு வாசலில் கிடந்த அந்தக் காரை நாங்கள் கொடுத்த விலைக்கு யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு நாங்களே அதை ஏலத்துக்குக் கொண்டுபோனோம். வந்தவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர் கையிலும் மாலை இல்லை.